பழைய ஆல்ட்டோவை மலிவாக மின்சாரக் கார் ஆக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். 2013-இல் வாங்கிய என் ஆல்ட்டோ 800-ஐ மின்சாரக் காராக மாற்ற ஆசை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய மின்சார ஆட்டோவின் மோட்டாரும் கண்ட்ரோலரும், ஸ்கூட்டரில் கழற்றிய லித்தியம் பேட்டரிகளும் போட்டு ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். "ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். 40 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், வேலை தொடங்கவில்லை. சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரும். நல்லவேளை, உங்கள் வண்டி இன்னும் பெட்ரோல் வண்டியாகவே இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பேட்டரிக்கு மாற அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அது தனித்தனி பாகங்களுக்கு அல்ல, அங்கீகாரம் பெற்ற 'கிட்'டுக்குத்தான். மோட்டார், கண்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் ஒன்றாக வைத்து, புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட் போன்ற வாகனச் சோதனை நிறுவனங்கள் ஏ.ஐ.எஸ். 123 என்ற இந்திய வாகனத் தரப்படி சோதித்துச் சான்று தருகின்றன. அதைப் பொருத்துபவரும் கிட் நிறுவனம் அங்கீகரித்தவராக இருக்க வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரிக்குத் தனியாகச் சான்று இருக்கிறதே என்று மெக்கானிக் காட்டலாம். அது இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156. காருக்கு வேறு, ஏ.ஐ.எஸ். 038.

அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்னைக் கேட்டால் அபராதம் சின்ன விஷயம். ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் லித்தியம் என்று இருந்து ஒரு விபத்தோ தீயோ ஏற்பட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது இதைத்தான். உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். அடிபட்டவருக்கான இழப்பீடும் கடைசியில் உங்கள் தலையில் விழலாம்.

ஆகவே விலை கேட்பதற்கு முன் கிட்டின் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். அதில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பதிவு 15 வருடத்துக்குத்தான், 2028-இல் புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரக் கிட் ஒன்றரை லட்சத்தில் கிடைக்காது. இவ்வளவு செலவு இந்த வண்டிக்குத் தகுமா என்று யோசியுங்கள். கார் லோன் பாக்கி இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை.

அப்புறம் அந்த 40 ஆயிரம். அங்கீகாரச் சான்றின் நகலைத் தரும்படியும், இல்லையென்றால் 15 நாளில் பணத்தைத் திருப்பும்படியும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, புகார் கொடுக்க 2 வருடக் கெடு. ஆனால் தபாலை இப்போதே அனுப்புங்கள். மோட்டாரை மாட்டிய பிறகு எழுதினால், தெரிந்தே சம்மதித்தீர்கள் என்று அவர் வாதாடுவார்.