நூறு மீட்டரை விடுங்கள், நானூறைப் பாருங்கள்

பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போட்டிகளில் 100 மீட்டரை 12.7 நொடியிலும் 200 மீட்டரை 25.8 நொடியிலும் ஓடியிருக்கிறாள். அப்பா விசைப்படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறவர். பெரியப்பா வீட்டார் ஒன்றுகூடி, வெளியூர் விடுதிப் பள்ளி, பயாலஜி குரூப், கூடவே நீட் கோச்சிங் என்று முடிவு செய்துவிட்டார்கள். பணத்துக்கு நகையை அடகு வைக்கச் சொல்கிறார்களாம். “ஓட்டத்தை நம்பிப் பிள்ளையை விடலாமா?” என்று கேட்கிறார்.

கவலைப்படாதீர்கள் அம்மா என்று சொல்லிவிடலாம். அதனால் என்ன பயன்? நகையை அடகு வைக்காதீர்கள், அதுதான் முதல் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு மறுபடி கடலுக்குப் போகும்போதே முதல் தவணையையும் கட்டச் சொல்வார்கள். அந்தக் கடனை அடைக்கப் போவது பெரியப்பா இல்லை.

உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். டாக்டர் படிப்பைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. ஓட்டத்தைப் பற்றிக் கேட்டதும், “கடைசியிலதான் சார் எனக்கு ஓட வரும், அதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிடுது” என்றாள். இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளரும் சொல்ல முடியாது.

அவளுடைய நேரங்களும் அதையேதான் சொல்கின்றன. 12.7-ஐ இரட்டித்தால் 25.4. அவள் 200 மீட்டர் ஓடியது 25.8. இரண்டாவது நூறில் அவள் அதிகம் தளரவில்லை. இது 400 மீட்டருக்கு ஏற்ற உடம்பு. (கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச் நேரத்தைக் குறைத்துக் காட்டும், அதில் எடுத்ததாக இருந்தால் 0.24 நொடி கூட்டிக்கொள்ளுங்கள். நூறில் அது பெரிய அடி.)

ஊரில் எல்லோருக்கும் நூறு மீட்டர்தான் கவுரவம். ஆனால் நம் நாட்டுப் பெண்களின் 100 மீட்டர் சாதனை 11.17. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நேரம் 10.61. இவ்வளவு சின்ன ஓட்டத்தில் அது பெரிய இடைவெளி. நால்வர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் 4x400 தொடர் ஓட்டத்தின் கதை வேறு. 2002 முதல் 2018 வரை ஐந்து ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து தங்கம் நம் பெண்களுக்குத்தான். இப்போது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு அணியும் வந்துவிட்டது. டோக்கியோவில் அந்த அணியில் ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் மதுரை சக்கிமங்கலத்து ரேவதி. பாட்டி வளர்த்த பெண். முதலில் 100, 200 ஓடி, பிறகு 400-க்கு மாறினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. அணிக்கு நாலைந்து பேராவது வேண்டும் என்பதால், தேசிய அளவில் முதலிடம் வராதவளுக்கும் பயிற்சி முகாமில் இடம் உண்டு.

உங்கள் கரைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதுகுக் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100, 200 மீட்டர் நேரங்கள் சாதனையாக ஏற்கப்படாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பனில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 400-க்கு அந்த அளவீடே கிடையாது. அப்புறம், கடற்கரை மணலில் வேகமாக ஓட விடாதீர்கள். கால் புதையும் மணலில் பாதம் தரையில் அதிக நேரம் தங்கும், கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்த கெட்டி மணலில் மெதுவோட்டம் போதும். அதையும் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று ஓடட்டும், கரை சரிவாக இருக்கும்.

நானூறு சுகமான ஓட்டம் இல்லை. கடைசி எண்பது மீட்டரில் கால் கல்லாகிவிடும். 300 மீட்டரை மூன்று முறை ஓடிய நாளில் மைதானத்து ஓரத்திலேயே வாந்தி எடுப்பாள். நீங்கள் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் ஹீமோகுளோபினைக் கட்டாயம் பரிசோதியுங்கள். இந்த வயதுப் பெண் பிள்ளைகள் பலர் அதில்தான் தேங்கிவிடுகிறார்கள். மீன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, கீரையும் முட்டையும் சேருங்கள்.

சரி, எங்கே படிப்பது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 11-ஆம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பள்ளிப் படிப்பும் தொடரும், அவளுக்குப் பிடித்த குரூப்பை எடுக்கட்டும். பிளஸ் டூ முடித்து 18 வயதானதும் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேசியப் போட்டிகளில் இடம் பிடித்திருக்க வேண்டும், சும்மா கிடைக்காது. மாநில அரசு வேலைகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. ஓட்டம் பலிக்காவிட்டாலும் கையில் பிளஸ் டூ இருக்கும், தலையில் கடன் இருக்காது.

பெரியப்பாவிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். அவள் கால்களைப் பற்றி அவளைக் கேட்காமல் யாரும் முடிவு எடுக்கக் கூடாது என்பதை அவரிடம் நானே சொல்கிறேன்.

விடுதித் தேர்வு அறிவிப்பு ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் அசலையும் எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், திருத்துவதற்கு நாளாகும்.