கேள்வி – பதில்: எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால்...

கேள்வி: அண்ணாச்சி, பீடி சுற்றும் பெண்கள் கடையிலும், பீடியைச் சரிபார்த்து வாங்கும் செக்கரிடமும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. இருபது பேருக்கு மேல் பேட்டி எடுத்தேன், எல்லாம் பீடி கொடுக்க வந்த இடத்தில்தான். முக்கால்வாசிப் பேர் 'குறை ஒண்ணும் இல்லை' என்கிறார்கள். கைடோ, குரோன்பாக் ஆல்பா எங்கே என்கிறார். என் பேட்டிகளை நம்பலாமா?
– ஆய்வு மாணவி, மேலப்பாளையம்

பதில்: முதலில் ஆல்பாவை விடுங்கள். 1951-ல் குரோன்பாக் எழுதிய அந்தக் கணக்கு, கேள்வித்தாளில் ஒரே விஷயத்தை அளக்கப் போட்ட பல கேள்விகளின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கானது, மனம்விட்டுப் பேசும் பேச்சுக்கு அதைப் போடவே முடியாது. கைடிடம் பதமாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான்.

எனக்கு உறுத்துவது அந்த 'குறை ஒண்ணும் இல்லை'தான். திரும்பத் திரும்ப ஒரே பதில் வருவதால் நம்பகத்தன்மை இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் எதைத் தெரிந்துகொள்ளப் போனீர்களோ அதைத்தான் அந்தப் பதில் சொல்கிறதா என்பது ஏற்புடைமை, அது வேறு சங்கதி. பக்கத்திலேயே செக்கர் கட்டைப் பிரித்து, நுனி சரியில்லை, தூள் குறைவு என்று பீடியைக் கழித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அங்கே நூறு பேரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அதே ஆளை மத்தியானம் வீட்டுத் திண்ணையில், சொளவை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். 'குறை இல்லை' என்று வாய் சொல்லும்போதே கழிவு பீடிக்கு ஈடுகட்ட இலையைக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கதையும் தானாக வந்து விழலாம். இரண்டையும் எழுதுங்கள், எந்த இடத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது சொன்னது என்பதையும் சேர்த்து. பேச்சு மாறியது ஆய்வின் குறையில்லை தங்கச்சி, நீங்கள் தேடிப்போன நடத்தையே அதுதான்.

1931-32-ல் சிகாகோ பக்கம், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில் 14 ஆண்களைத் தனி அறையில் வேலை செய்யவிட்டு, ஒருவர் உள்ளேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தார், இன்னொருவர் வெளியே வைத்துப் பேட்டி எடுத்தார். தொழிலாளிகள் கொடுத்த கணக்கில் உற்பத்தி நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு. உண்மையில் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும், கூடின நாளில் கொஞ்சம் சொல்லாமல் வைத்துக் குறைந்த நாளில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்குள் வைத்துக்கொண்ட அளவை மீறி வேகமாகச் செய்தவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து! வெறும் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

அதனால் பேட்டி, நேரில் பார்த்தது, பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் மூன்றையும் எதிரெதிரே வையுங்கள். 'குறை இல்லை' என்றவரின் புத்தகத்தில் எத்தனை கழிவு என்று பாருங்கள். முடிவைத் திரும்ப அவர்களிடமே காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் படித்த பிள்ளை கேட்கிறதே என்று 'ஆமா தாயி' என்று தலையாட்டிவிடுவார்கள், அதனால் 'இதில் எது தப்பு?' என்று கேளுங்கள். கைடுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் 1985-லேயே லிங்கன், கூபா என்ற இரண்டு ஆய்வுமுறை அறிஞர்கள் இந்த மாதிரி ஆய்வுகளுக்கென்று தனி அளவுகோல்கள் சொல்லிவிட்டார்கள், காட்டுங்கள். அப்புறம், பெயர், தெரு எதுவும் ஆய்வில் வரக்கூடாது. யார் சொன்னது என்று தெரிந்தால் அடுத்த வாரம் அவள் கொடுக்கும் பீடிக் கட்டில்தான் கழிவு கூடும்.

கேள்வி: வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதுகிறார்கள். வேறு வழி உண்டா?
– மனிதவளப் பிரிவு ஊழியர், கங்கைகொண்டான்

பதில்: கணக்கு முடித்துப் பணம் கைக்கு வருவதற்கு முன்னால் கேட்கிறீர்கள், வேறென்ன எழுதுவார்கள்? மூன்று மாதம் கழித்து, அந்த மேனேஜருக்குக் கீழே வேலை பார்க்காத ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.