செப்டிக் டேங்க் வீட்டில் பாத்ரூம் நாற்றம்: லாரியைக் கூப்பிடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க்தான். பாத்ரூமில் அடிக்கடி சாக்கடை நாற்றம், காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் மோசம். டேங்கைக் காலி செய்தால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போன பிறகும் டேங்கில் கழிவு விழத்தான் போகிறது, அழுகத்தான் போகிறது. அழுகின முட்டை மாதிரி வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது உண்டாவதைத் தடுக்க முடியாது. எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் செலவில்லாத சோதனை. பாத்ரூம் தரையில் இருக்கும் ஜாலிக்குக் கீழே ஒரு ட்ராப், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு, இருக்கும். அதில் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் டேங்க் காற்று மேலே வராது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூமில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. அப்புறமும் நாற்றம் இருந்தால், ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, இரவில் ஜாலியை அடைத்தாற்போல் வைத்துவிடுங்கள். காலையில் நாற்றம் இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். அப்படியும் இருந்தால் வாஷ்பேசின், வாஷிங்மெஷின் ஓஸ் செருகியிருக்கும் பைப், கிளாசெட் அடியில் வெடித்துப்போன வெள்ளை சிமென்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதி வீடுகளில் வாஷிங்மெஷின் பைப்புக்கு ட்ராப்பே வைத்திருக்க மாட்டார்கள்.

காற்று நாளில் அதிகம் என்கிறீர்களே, அதனால் எனக்குச் சந்தேகம் வென்ட் பைப்பின் மேல்தான், டேங்க் காற்றை மாடிக்கு மேல் கொண்டுபோய் வெளியே விடுகிற பைப் அது. நான் இருப்பது செங்கோட்டை. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று சாரலோடு வந்து இறங்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம், எங்கள் பாத்ரூமுக்கு இல்லை. எங்கள் வீட்டு வென்ட் பைப் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவருக்குக் கீழேயே முடிந்திருந்தது. சுவரில் மோதித் திரும்புகிற காற்று பைப்புக்குள் இறங்கி, டேங்க் காற்றை வீட்டுப் பக்கம் தள்ளியது. பிளம்பர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "டேங்க்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, காத்துல்லா கீழ தள்ளுது" என்றார். பைப்பை உயர்த்தினோம், நின்றுவிட்டது.

இதற்கு இந்தியத் தர விதியே இருக்கிறது, ஐ.எஸ். 2470. டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் வென்ட் பைப் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டராவது நிற்க வேண்டும். நம் ஊர் மனைகளில் 15 மீட்டருக்கு எங்கே போவது? ஆகவே எல்லோருக்கும் இதுதான் கணக்கு. பைப் வாயில் கொசுவலை போடுங்கள், ஆனால் அது ஒட்டடையாலும் குளவிக்கூட்டாலும் அடைத்துக்கொள்ளும். அடைபட்டாலும், வென்ட் வைக்காமலே விட்டிருந்தாலும், ஃப்ளஷ் அடிக்கும்போது பக்கத்து ட்ராப்பில் 'குளுகுளு' என்று சத்தம் வரும், தண்ணீரையும் உறிஞ்சிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் வேறு எதையும் தேடாமல் மாடிக்கு ஏறுங்கள்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லையில் தனியாக இருந்தது. அட்டாச்டு பாத்ரூம் வந்த பிறகுதான் இந்த வாசனை படுக்கையறை வரைக்கும் வந்தது என்பது என் கட்சி.

ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் நாற்றம் வந்து, கிளாசெட்டில் தண்ணீரும் மெதுவாக இறங்கினால் அது வேறு கதை. நிலத்தடி நீர் ஏறி, டேங்கிலிருந்து வழிகிற தண்ணீரை மண்ணில் இறக்குகிற உறிஞ்சுகுழி தண்ணீரை வாங்காமல் நிற்கிறது. அந்த நேரத்தில் டேங்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள், பிளாஸ்டிக் டேங்க் என்றால் மண்ணுக்குள்ளிருந்து மிதந்து கிளம்பிவிடும். குளியல், துவைக்கிற தண்ணீரைக் கொஞ்சநாள் தோட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். புனலூர்ப் பக்கம் வீடு கட்டும் எங்கள் சொந்தக்காரர்கள் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும், கேரள விதி அப்படி. இந்தப் பக்கம் இருந்தாலும் கிணறு வைத்திருப்பவர்கள் அந்த அளவைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நாற்றத்துக்கு ஆசிட், ஃபினாயில் என்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். டேங்கில் வேலை செய்கிற பாக்டீரியாவைத்தான் கொல்வீர்கள். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் அது ஆபத்து.

லாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடத்தான் வேண்டும். மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அப்போதுதான் ஆளைச் சாய்க்கும். "அடியில் கட்டியாக இருக்கிறது, ஒரு ஆள் இறங்கினால் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கச் சொல்கிற வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும்.