முப்பது அடிப் படகிலிருந்து முப்பத்தாறு அடிக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். 1984ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கேட்டலினா 30 என்ற முப்பதடி மாதிரி. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டதால் இரவு தங்கும் பயணங்களில் இடம் போதவில்லை. பிற்பகல் காற்றில் படகு மிகவும் சாய்கிறது, சுக்கானும் கனக்கிறது. கோடையில் தெற்கே கடலோரத்திலுள்ள மான்ட்டெரே நகர் வரை போய்வரவும் ஆசை. கேட்டலினா 36க்கு மாறலாமா? மாறியவர்களின் அனுபவம் என்ன? – அலமேடா வாசகர்

பதில்: தங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டுமே படகை மாற்றினால்தான் தீரும்.

முதலில் சாய்வையும் சுக்கானின் கனத்தையும் எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வளைகுடாவின் வாயிலான கோல்டன் கேட் வழியாக உள்ளே பாயும் மேற்குக் காற்று, பிற்பகலில் 20 முதல் 25 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வரை வீசுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. கேட்டலினா 30இன் உரிமையாளர்கள் பலரும், 150 விழுக்காட்டு ஜெனோவா எனப்படும் மிகப் பெரிய முன்பாயையும் ஆண்டுக்கணக்கில் வெயிலில் இழுபட்டுத் தொய்ந்துபோன பழைய மெயின் பாயையும் வைத்துக்கொண்டு அந்தக் காற்றுக்குள் போகிறார்கள். தொய்ந்த பாயின் வளைவு பின்னோக்கி நகர்ந்துவிடுவதால், படகு சாய்வதோடு மூக்கைக் காற்றின் பக்கமே திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுக்கச் சுக்கானை இழுத்துப் பிடிப்பது வேகத்துக்குத் தடை போடுவதற்குச் சமம். நீண்ட காலமாக இந்தப் படகை ஓட்டிவருபவர்கள், காற்று 15 நாட்டை நெருங்கும்போதே மெயின் பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுகிறார்கள். கோடைக்கு மட்டும் 110 விழுக்காட்டு அளவிலான சிறிய முன்பாயை ஏற்றுகிறார்கள். இதைச் செய்யாமல் 36க்கு மாறினால், இதே சிக்கலைப் பெரிய பாய்களோடு சந்திப்பீர்கள்.

மான்ட்டெரே பயணத்துக்கு வருவோம். உந்துதல் மிகுந்தாலும் படகு தன் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் அளந்த நீளம், அனுமதிக்கும் வேகத்தை எளிதில் தாண்டுவதில்லை. அடியில் அளந்த நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட்டில் கிடைக்கும். கேட்டலினா 30இன் நீர்க்கோடு 25 அடி. ஆகவே எல்லை 6.7 நாட். கேட்டலினா 36இன் நீர்க்கோடு 30 அடி 3 அங்குலம். எல்லை ஏறத்தாழ 7.4 நாட். பயணச் சராசரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். கோல்டன் கேட்டிலிருந்து மான்ட்டெரேக்கு ஏறத்தாழ 85 கடல் மைல். சராசரி 5.5 நாட் என்றால் பதினைந்தரை மணி நேரமும், 6.2 நாட் என்றால் பதினான்கு மணிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சிறிய லாபமன்று. இருட்டுவதற்குள் துறைமுகம் சேர்வதா இல்லையா என்பதை அது முடிவு செய்யக்கூடும். எனினும் வழியில் ஹாஃப் மூன் பே துறைமுகத்தில் ஓரிரவு தங்கிப் போகும் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பெரிய படகின் பயனைத் திரும்பும் வழியில்தான் உணர்வீர்கள். வடமேற்குக் காற்றும் அலையும் எதிரே வரும்போது, கூடுதல் எடையும் நீளமும் கொண்ட படகு ஒவ்வோர் அலையிலும் முட்டி நிற்காமல் தொடர்ந்து முன்னேறும். மாறியவர்கள் மனநிறைவோடு முதலில் குறிப்பிடுவதும் இதைத்தான்.

எஞ்சியிருப்பது இடம். ஃபிராங்க் பட்லர் கலிபோர்னியாவில் தொடங்கிய கேட்டலினா நிறுவனம், 1970களின் நடுவிலிருந்து 2008 வரை இந்த முப்பதடி மாதிரியில் 6,000க்கும் மேற்பட்ட படகுகளைக் கட்டியதற்கு முதன்மையான காரணம், 10 அடி 10 அங்குல அகலம் தந்த தாராளமான உட்கூடம். ஆயினும் கதவை மூடிக்கொண்டு படுக்கும் வசதி அணியத்து (படகின் முன்முனை) அறையில் மட்டுமே உண்டு. பின்பக்கத்துப் படுக்கை கூடத்தோடு திறந்தே கிடக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதாது என்பதை ஏற்கிறேன். இந்தக் குறையை எந்தப் பாயாலும் தீர்க்க முடியாது.

ஆனால் தங்களுக்கு நான் முதலில் சொல்வது 36 அன்று. 1986இல் வெளிவந்த கேட்டலினா 34. அதன் பின்பகுதியில் இருவர் படுக்கத் தனி அறை உண்டு. அகலம் 11 அடி 9 அங்குலம். 36இன் அகலத்தைவிட இரண்டே அங்குலம் குறைவு. நீர்க்கோடு 29 அடி 10 அங்குலம் என்பதால் வேகத்திலும் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. எடையோ ஏறத்தாழ 1,500 பவுண்டு குறைவு. 36இன் கூடம் நீளமானது, பொருள் வைக்கும் இடமும் அதிகம் என்பது உண்மையே. மாதக்கணக்கில் படகில் தங்குபவர்களுக்கு அது தேவைப்படும். வார இறுதியும் கோடை விடுமுறையுமாகப் போய்வரும் நால்வருக்கு 34 நிறைவாகப் போதும் என்பது என் கருத்து. இரண்டு படகிலும் ஒரு மழைநாள் பிற்பகல் முழுவதும் நால்வருமாக உட்கார்ந்து பாருங்கள். வெயில் நாளில் எல்லாப் படகும் விசாலமாகத்தான் தெரியும்.

கேள்வி: சென்ற ஆண்டு 30 அடியிலிருந்து கேட்டலினா 36க்கு மாறினோம். கடலில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் செலவு நினைத்ததைவிட அதிகம். நானும் மனைவியும் மட்டும் இருக்கும்போது மரீனாவில் (படகுத்துறையில்) கொண்டுவந்து நிறுத்த அச்சமாக இருக்கிறது. இது இயல்புதானா? – பெர்க்லி வாசகர்

பதில்: இயல்புதான். நீளம் ஆறடி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடியது; எடையோ ஏறத்தாழ 10,200 பவுண்டிலிருந்து 13,500 பவுண்டாக, மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஸ்லிப் எனப்படும் படகு நிறுத்துமிடத்தின் வாடகை, படகைத் தூக்கிக் கரையேற்றும் கட்டணம், அடிப்பகுதிக்குப் பூசும் பெயிண்ட் ஆகியவை அடிக்கணக்கில் ஏறும். பாய், வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை), கயிறு, நங்கூரம், சங்கிலி ஆகியவை படகு தாங்கும் விசையின் அளவுக்கு ஏறும். வாங்கும்போது பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது இந்த இரண்டாம் வகையைத்தான். 36 என்ற பெயர் கொண்ட படகின் உண்மையான நீளம் 36 அடி 4 அங்குலம். அணியத்தில் நீட்டியிருக்கும் நங்கூர உருளையையும் சேர்த்து அளக்கும் மரீனாவில், 36 அடி ஸ்லிப் மறுக்கப்பட்டு 40 அடிக்கான வாடகையைக் கட்ட நேரும். இனி வாங்கவிருப்பவர்கள் படகைப் பார்க்கும் முன்பே மரீனா அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

நிறுத்துவதில் உள்ள அச்சத்துக்குக் காரணம், முப்பதடிப் படகில் கையாலும் காலாலும் தள்ளிச் சரிசெய்து பழகியதே. ஆறு டன் எடை அப்படித் தள்ளுவதற்குக் கட்டுப்படாது. தள்ள முயல்பவருக்குக் கை ஒடியலாம். படகின் நடுப்பகுதியிலுள்ள கொண்டியிலிருந்து ஒரு கயிற்றைத் துறைமேடையின் பின்பக்கக் கட்டைக்கு முதலில் மாட்டி, சுக்கானை மேடைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, எஞ்சினை மெதுவான முன்னோட்டத்தில் விட்டால், படகு அந்தக் கயிற்றில் சாய்ந்து மேடையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை அதன் பிறகு நிதானமாகக் கட்டலாம். முன்னோக்கிச் செல்லும்போது வலப்புறமாகச் சுழலும் உந்துவிசிறி கொண்ட படகைப் பின்னோக்கி எடுக்கும்போது பின்பகுதி இடப்பக்கமாக இழுக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிலெடுங்கள். காலையில், காற்று எழுவதற்கு முன், இருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடித்துப் பழகுங்கள். ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த படகில் மற்றவருக்கு அச்சம் தீராது.

கேள்வி: 1980களில் கட்டப்பட்ட படகுகளே எங்கள் கைக்கு எட்டும் விலையில் உள்ளன. எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்? – சான் ஹோசே வாசகர்

பதில்: உட்கூடத்து மெத்தை விரிப்பையும் புதிய மின்னணுக் கருவிகளையும் கடைசியில் பாருங்கள்; விற்பவர் முதலில் காட்டுவது அவற்றைத்தான். படகின் அடியில் தொங்கும் கனத்த கீலும் உடற்பகுதியும் சேரும் இடத்தின் முன்விளிம்பில் விரிசல் தெரிகிறதா என்று, படகைக் கரையில் தூக்கிவைத்திருக்கும்போது பார்க்க வேண்டும். இந்தப் படகுக்காரர்களிடையே அதற்குக் ‘கேட்டலினா புன்னகை’ என்றே பெயர். கீல் போல்ட்டுகளை உரிய விசைக்கு முறுக்கி, விரிசலைச் சுத்தம் செய்து அடைத்தாலே பல படகுகளில் அது தீர்ந்துவிடும். கேட்டலினா 30இன் பழைய படகுகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் கீல் பொருந்தும் அடித்தளத்துக்குள் ஒட்டுப்பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஈரம் புகுந்து அது மெத்தென்றாகிவிட்டால், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் மீண்டும் தளரும். அந்தப் பலகையை அகற்றி மறுபடி கட்டுவது, பழைய முப்பதடிப் படகின் விலையோடு போட்டியிடும் செலவு.

அடுத்தது பாய்மரத்தைத் தாங்கும் பகுதி. பாய்மரம் தளத்தின் மேல் நிற்கும் படகுகளில், அதன் கீழே உட்கூடத்திலுள்ள தாங்குதூணின் அடிமரம் இற்றுப்போனால் தளமே சற்றுக் கீழிறங்கும். தூணருகே உள்ள கதவு இறுகி மூட மறுப்பது இதற்கு நல்ல அறிகுறி. பாய்மரத்தைப் பிடிக்கும் எஃகு வடங்கள் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டு, ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வடங்களைக் கண்டால் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குகின்றன.

எஞ்சினைப் பொறுத்தவரை, அக்காலப் படகுகளிலுள்ள யுனிவர்சல் டீசல் எஞ்சின்கள் குபோட்டா நிறுவனத்தின் எஞ்சின் உடலைக் கொண்டு செய்யப்பட்டவை. எண்ணெயை ஒழுங்காக மாற்றிவந்தால் நீண்ட காலம் உழைக்கும். பலவீனம் அதைச் சுற்றியுள்ள பாகங்களில்தான். மின்கம்பிகளை இணைக்கும் பிளக்குகள் அரித்துச் சூடேறித் தீயை விளைவிக்கக்கூடியவை. பிளக்கை நீக்கிக் கம்பிகளை நேரடியாக இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய எம்-25 எஞ்சினில் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பட்டையும் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

படகை ஆய்வு செய்யும் சர்வேயரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, கட்டணத்தையும் தாங்களே கொடுங்கள்; விற்பனைத் தரகர் பரிந்துரைப்பவர் வேண்டாம். தங்கள் சர்வேயரின் சுத்தியலும் ஈரமானியும் சொல்வதையும், எஞ்சின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பிக் கிடைக்கும் அறிக்கையையும் கொண்டு விலை பேசலாம். அதே விலையில், பளபளப்பில்லாமல், ஆனால் இருபது ஆண்டுப் பழுதுபார்ப்புக் குறிப்பேட்டோடு ஒரு படகு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் 1978ஆம் ஆண்டுக் கேட்டலினா 30இல் அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. விற்கும் முன் டீசல் எஞ்சினாக மாற்றினால் நல்ல விலை கிடைக்குமா? – சாசலிட்டோ வாசகர்

பதில்: மாற்றாதீர்கள். போட்ட பணத்தில் பாதிகூட விலையில் திரும்ப வராது. இருக்கும் எஞ்சின் உடனே கிளம்பும் நிலையில் இருக்கட்டும். எரிபொருள் குழாய்களும், பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் மின்விசிறியும் சரியாக இருக்கட்டும். வாங்க வருபவர் முன்னிலையில், எஞ்சினைக் கிளப்பும் முன் அந்த விசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். முறையறிந்து பராமரித்தவர் என்ற நம்பிக்கை வரும்.

கேள்வி: பெரிய படகு வாங்கினால் அதிலேயே குடியிருந்து வீட்டு வாடகையை மிச்சப்படுத்தலாமே? – ஓக்லண்ட் வாசகர்

பதில்: படகு இடம் கொடுக்கும்; மரீனா கொடுக்காமல் போகலாம். வளைகுடாப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதிப்படி ஒரு மரீனாவின் ஸ்லிப்புகளில் பத்து விழுக்காடு வரையே குடியிருப்புப் படகுகளுக்கு ஒதுக்கலாம். ஆகவே காத்திருப்போர் பட்டியல்கள் நீளமானவை. அனுமதியைக் கையில் வாங்கிய பிறகு படகைத் தேடுங்கள்.

கேள்வி: பழைய படகை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதா, வாங்கிய பின் விற்பதா? – அலமேடாவிலிருந்து மற்றொரு வாசகர்

பதில்: முதலில் விற்றுவிடுங்கள். இரண்டு படகு வைத்திருப்பவர் இரண்டு ஸ்லிப் வாடகை, இரண்டு காப்பீடு, இரண்டு பராமரிப்பு எனக் கட்டிக்கொண்டிருப்பார். மாதங்கள் செல்லச்செல்லப் பழைய படகின் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். தரகர் வழியாக விற்றால் விலையில் பத்து விழுக்காட்டை ஒட்டிய தொகை தரகாகப் போகும். ஆனால் கேட்டலினா 30ஐப் போல எல்லோருக்கும் தெரிந்த படகைத் தாங்களே விற்பது கடினமன்று. இலையுதிர் காலம் வரை காத்திருந்தால் வாங்குபவர்கள் குறைந்து, விற்பவர்கள் மிகுவார்கள். ஆதலால் வசந்தத்தில் விற்று இலையுதிர் காலத்தில் வாங்குவது கணக்குக்கு உகந்தது; இடையில் ஒரு கோடை படகில்லாமல் போகும் என்பதைக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் படகுக்கான ஆண்டுச் சொத்து வரி, ஜனவரி 1ஆம் தேதியன்று படகு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மீது விதிக்கப்படுகிறது. டிசம்பரில் விற்பவர்கள், பெயர் மாற்றத்தை அந்தத் தேதிக்கு முன்பே மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.