டிசம்பர் 26 வந்தால் ஹாம் ரேடியோக்காரர்கள் ஏன் சுனாமியைப் பேசுகிறார்கள்?

கேள்வி: கையில் செல்போன் இருக்கும் காலத்தில் ஹாம் ரேடியோ வெறும் பொழுதுபோக்குதானே? வருடா வருடம் டிசம்பர் 26 அன்று நீங்கள் ஏன் கூடிப் பேசுகிறீர்கள்?

பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. அரசிடம் உரிமம் வாங்கி, சொந்த வானொலிக் கருவியில் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ; அப்படிப் பேசுகிறவர்கள்தான் ஹாம்கள். யாரும் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. எங்கள் அலைவரிசைகளில் வியாபாரம் பேசவும் அனுமதி இல்லை. 2004 டிசம்பரில் அந்தமானுக்குப் போன குழுவும் பொழுதுபோக்குக்காகத்தான் போனது.

அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசப் பல வருடங்களாக அனுமதி கிடைக்காமலே இருந்தது. எந்தெந்த நாட்டோடு, எந்தெந்தத் தீவோடு பேசினோம் என்று கணக்கு வைப்பது எங்களுக்குப் பெரிய ஆர்வம். அதனால் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரிலிருந்து பேசத் தொடங்கியதும், உலகம் முழுவதிலிருந்தும் ஹாம்கள் முண்டியடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

26-ஆம் தேதி காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலுக்கடியில் 9.1 அளவில் நிலநடுக்கம், தொடர்ந்து சுனாமி. போர்ட் பிளேரில் மின்சாரமும் தொலைபேசியும் போயின. பாரதி பிரசாத் அந்த நிமிடத்தோடு வழக்கமான பேச்சை நிறுத்திவிட்டு, அதே கருவிகளை அவசரச் செய்திக்குத் திருப்பினார். குழுவில் சிலர் கார் நிக்கோபார் தீவுக்கே போய் அங்கேயும் ஒரு நிலையம் அமைத்தார்கள். இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலையில் இணைத்தார்கள்.

என்னை இன்றும் உலுக்குவது இன்னொன்று. அவசர நேரத்தில் உலக ஹாம்களில் பெரும்பாலானோர் செய்ய வேண்டியது, பேசாமல் இருப்பதுதான். முந்தின நாள்வரை ஒரு தடவையாவது அந்தமானைப் பிடித்துவிட வேண்டும் என்று தவித்தவர்கள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுக்க வேண்டும். ஒருவர் குறுக்கே பேசினால் யாரோ ஒருவருடைய பெயர் அழிந்து போகும். அன்று போன செய்திகளில் நிறைய வெறும் பெயர்கள்: இன்னார் உயிரோடு இருக்கிறார், வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நான் உரிமம் வாங்கியது அதற்குப் பிறகு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போன கடற்கரை இது. எங்கள் ஆட்களில் சொந்தக்காரரை இழக்காதவர்கள் குறைவு. அதனால் எங்கள் நினைவு நாளில் மேடையும் கிடையாது, பேச்சும் கிடையாது. வீட்டு மின்சாரத்தைத் தொடாமல் கார் பேட்டரியில் செட்டை ஓட்டுவோம். இரண்டு மூங்கிலுக்கு நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டினால் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அந்த அலைநீளத்தில் பேச, ஆன்டெனா தயார். பகலில் சென்னை வரை நன்றாகக் கேட்கும். முதல் சில நிமிடம் யாரும் பேசமாட்டோம். அப்புறம் பெயர்களை அனுப்பிப் பழகுவோம்.

முருகேசன் என்று சொன்னால் போதாது. ஒரே குப்பத்தில் நான்கு முருகேசன் இருப்பார்கள். தகப்பன் பெயர், தெரு, யாருக்குத் தகவல் போக வேண்டும், எல்லாம் வேண்டும். மைக், யூனிஃபார்ம், ரோமியோ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும்; எதிர்முனை முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். இரைச்சலில் 'இருக்கிறார்' என்பதும் 'இருக்கிறாரா' என்பதும் ஒன்றுபோலவே விழும். விசாரித்து வந்த செய்தியை நல்ல செய்தி என்று எழுதிக்கொண்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அதனால் விசாரணை என்றால் முதலில் 'கேள்வி' என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைத் தொடங்குவோம். எங்கள் மூத்தவர் ஒருவர் இந்தப் பயிற்சியில் ஒரு எழுத்துப் பிசகினாலும் விடமாட்டார், மறுபடி முதலிலிருந்து அனுப்பச் சொல்வார். அவர் செய்வதுதான் சரி.

செல்போன் இருக்கிறதே என்று கேட்டீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கோபுரங்களில் பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போய்விட்டது.

நீங்கள் கடலோர மாவட்டத்தில் இருந்தால் இந்த டிசம்பரில் பக்கத்து ஹாம் யாரையாவது தேடிப் போய் உட்கார்ந்து கேளுங்கள். 12 வயது நிறைந்திருந்தால் பிள்ளைகளும் உரிமத் தேர்வு எழுதலாம், அவர்களையும் கூட்டிப் போங்கள்.