சி3 குறைந்தால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். என் 7 வயதுப் பையனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறியது. மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. சேலத்தில் பார்த்த டாக்டர் சிறுநீரக அழற்சி என்றார். ரத்தத்தில் சி3 அளவு 32, சி4 அளவு 24. “8 வாரம் கழித்து சி3-ஐ மறுபடி பார்ப்போம்” என்கிறார். பையனுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். மலையில் கிடைக்கும் சூரணம், லேகியம் எதுவும் இப்போது வேண்டாம். வீங்கிக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு அதெல்லாம் கூடுதல் சுமை. வலிக்கு ஐபுபுரோஃபென் வகை மாத்திரையும் கூடாது.

சி3 என்பது காம்ப்ளிமென்ட் புரதங்களில், அதாவது கிருமியை எதிர்க்க ரத்தத்தில் இருக்கும் புரதக் கூட்டத்தில், ஒன்று. பெரும்பாலும் கல்லீரல்தான் இதைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வழக்கமாக டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மில்லிகிராம் வரை (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). கிருமி வந்தால் இது இரண்டாக வெட்டப்படும். சின்னத் துண்டு அந்த இடத்தில் அழற்சியைக் கிளப்பும். பெரிய துண்டு கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும், மண்டியில் மூட்டைக்குக் குறி போடுகிற மாதிரி. குறி விழுந்ததை வெள்ளை அணுக்கள் அள்ளி விழுங்கும். வேலை அதோடு நிற்காமல் சி5-இலிருந்து சி9 வரை போனால், கடைசியில் கிருமியின் மேலுறையிலேயே ஓட்டை விழும். நம் சொந்த செல்களின்மேல் காவல் புரதங்கள் இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன.

உங்கள் பையனுக்கு என்ன ஆனது? சிரங்கில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் துணுக்குகளும், அதற்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடிகளும் சிறுநீரக வடிகட்டிகளில் போய்த் தங்கிவிட்டன. காம்ப்ளிமென்ட் அங்கே சண்டை போட, வடிகட்டி வீங்கி ரத்தம் கசிகிறது. அதில் சி3 செலவாகிவிட்டது, அவ்வளவுதான். சி3 செய்ய முடியாத உடம்பு அல்ல உங்கள் பையனுடையது. இந்த எண் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து நோயின் கடுமையையும் எடைபோட முடியாது. திரும்பி ஏறுகிறதா என்பதே கேள்வி.

அதே கூட்டத்தைச் சேர்ந்த சி4 சரியாக இருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது. காம்ப்ளிமென்ட் கிளம்ப மூன்று வழிகள் உண்டு. இங்கே இரண்டைப் பார்த்தால் போதும். ஆன்டிபாடி தொடங்கிவைக்கும் வழியில் சி4 செலவாகும். சி3 தானாகவே கிளம்பும் மாற்றுவழியில் சி4-க்கு வேலையில்லை. சிரங்குக்குப் பின் வரும் இந்த அழற்சியில் பெரும்பாலும் மாற்றுவழிதான் ஓடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோயில் இரண்டும் சேர்ந்து இறங்குவது வழக்கம். (எண்களைப் பார்த்து வரிசை என்று நினைக்காதீர்கள். கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்ததால், சி4 வேலை செய்வது சி2-க்கும் முன்னால்!)

பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் சி3 பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் உங்கள் டாக்டர் அந்தக் கணக்கைச் சொன்னார். மூன்று மாதமாகியும் ஏறவில்லை என்றால் வேறு சிறுநீரக நோயா என்று பார்க்க பயாப்சி (சிறுநீரகத்தில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படலாம். காம்ப்ளிமென்ட் மொத்தமாக எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சிஎச்50 என்றொரு சோதனையும் எழுதினால், மலையில் ரத்தம் எடுத்து அனுப்பாமல் சேலத்து லேபிலேயே கொடுத்துவிடுங்கள். காம்ப்ளிமென்ட் சூடு தாங்காது. 56 டிகிரியில் செயலிழந்துவிடும். 1890-களில் பெல்ஜிய விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே காம்ப்ளிமென்ட்டைக் கண்டறிந்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

வீக்கம் வடியும்வரை உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், சேலம் போகும்போது கேட்கிற தட்டுவடை செட், எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இளநீர், பழச்சாறு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது சொறி, சிரங்கு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே மருந்து போடுங்கள். சிறுநீரக அழற்சி தொற்றாது, ஆனால் அந்தக் கிருமி தொற்றும்.

ரத்த அழுத்தத்தை விடாமல் பார்த்து வாருங்கள். கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு மலையிறங்கிவிடுங்கள்.