பொய்ச்சாட்சிக்கு இனிய மெட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

லியோ ஃபிராங்க் வழக்கைப் பற்றிய ‘பரேட்’ இசைநாடகத்தின் பாடல்களை 1998ஆம் ஆண்டு நியூயார்க் மேடையேற்றத்தின் ஒலிப்பதிவில் கேட்டேன். பொய்ச்சாட்சி சொல்பவர்களுக்கே துள்ளலான மெட்டுகள். குற்றமற்ற ஃபிராங்குக்கோ விசாரணைக் காட்சியில் இழுத்து இழுத்துப் பாடும் ஒரே ஒரு பாட்டு. இது இசையமைப்பாளரின் பிழையில்லையா?

ஒரு வாசகி, லெனேசியா

அன்புள்ள அம்மா,

ஜேசன் ராபர்ட் பிரவுன் அறிந்தே செய்த காரியம் இது என்று நினைக்கிறேன். 1913இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 13 வயது மேரி ஃபேகன் கொல்லப்பட்டதற்காக, அவள் வேலைபார்த்த பென்சில் தொழிற்சாலையின் மேலாளர் ஃபிராங்க் கூண்டிலேற்றப்பட்டார். பொதுமக்களில் சிலர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை 1969இல் ஒழித்துவிட்ட நம் தென்னாப்பிரிக்காவில் எளிதில் மறந்துபோகும் ஒன்று உண்டு: அந்தப் பாடல்கள் யாவும் 12 ஜூரிகளின் காதுக்காகப் பாடப்படுகின்றன.

சாட்சி சொல்லவரும் மூன்று தொழிற்சாலைப் பெண்களும் ஒரே மெட்டில், ஏறக்குறைய ஒரே சொற்களில் பாடுவதைக் கவனியுங்கள். சொல்லிக்கொடுத்த பாடம் என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஆனால் மெட்டு நம்மை யோசிக்க விடுவதில்லை. அதுவரை இறுகிப்போய் உட்கார்ந்திருந்த ஃபிராங்க் எழுந்து, அவர்கள் சொல்லும் காமுகனாகவே மாறி ஆடிப் பாடுகிறார். நேட்டாலில் நாம் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லும் தெருக்கூத்திலும் துச்சாதனனுக்குத்தான் துடியான தாளம். சிறுவயதில், கரும்புத்தோட்டத்துக் கோயில் வாசலில் அவன் வரவுக்குக் கைதட்டிவிட்டு, சற்று நேரத்தில் திரௌபதி அழுதபோது அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

ஃபிராங்கின் பாட்டுக்கு வருகிறேன். சத்தியப் பிரமாணம் இல்லாமல் அவர் உண்மையில் அளித்த வாக்குமூலம் ஏறத்தாழ 4 மணி நேரம் நீண்டது. நாடகம் அதைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கி, நெஞ்சைத் திறந்து பேச வராத மனிதரின் தயக்கத்தையே மெட்டாக்கியிருக்கிறது. நீங்கள் இழுவை என்று சொல்வது அந்தத் தயக்கத்தைத்தான்.

குறை சொல்வதென்றால், தொழிற்சாலைத் துப்புரவாளரும் ஃபிராங்குக்கு எதிரான முக்கியச் சாட்சியுமான ஜிம் கான்லியின் சாட்சியப் பாடலைச் சொல்வேன். ஊரார் பின்பாட்டாகச் சேரச்சேர அது ஏறும் வேகத்தில், ஒரு வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் ஒருவர் சொன்னதை அந்தக் காலத்து வெள்ளை ஜூரி நம்பியது எவ்வளவு அபூர்வம் என்பது காதில் விழாமலே போகிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் கறுப்பின வேலைக்காரர்கள் பாடும் பாட்டுதான் அதைக் கொஞ்சமாவது ஈடுகட்டுகிறது.

1915இல் ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்த பிறகு, ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்திச்சென்று தூக்கிலிட்டது. அதைத் தெரிந்துகொண்டு, முதல் பாகம் முடியும் இடத்தை மறுபடி கேட்டுப்பாருங்கள். தீர்ப்பு வந்ததும் ஊரே கேக்வாக் என்னும் துள்ளல் நடனம் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கும் நல்ல மெட்டுதான்.